செத்தவர்களுக்கு மட்டும் நன்றி

ஃபாயிக் தமன்ஹூரி மேடையில் நன்றி சொன்ன ஆட்கள் யாரும் எழுந்து வந்து அவனுக்குக் கை கொடுத்ததில்லை. எல்லோரும் மண்ணுக்குள் இருந்தார்கள்.

எகிப்தில் நிலத்தடி நீரைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். டிவியில் அவனைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் நீலச் சால்வை, கலைந்த நரைமுடி, விவசாயியின் வயலில் காலணியைக் கழற்றிவிட்டு இறங்குவான். ஒரு கை மண்ணை எடுத்து நாக்கில் வைப்பான். கேமரா கிட்டப் போகும். "உப்பு!" என்பான், பழைய காதலியின் பெயரைச் சொல்வது மாதிரி. அதைப் பார்த்து என் தங்கை சுஹேரே ஒரு தடவை கண் கலங்கினாள். நான் அவள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கிவிட்டேன்.

விருது வாங்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு செத்தவர் வேண்டும். ஒரு வருடம் அவனுடைய அப்பா. இன்னொரு வருடம் இவனுக்கு ஒரே ஒரு பருவம் பாடம் எடுத்த ரஷ்யப் பேராசிரியர். அப்புறம் மித்வல்லி என்கிற கிழட்டு விவசாயி. "என் உண்மையான பல்கலைக்கழகம் அவரோட வயல்தான்" என்று ஃபாயிக் அழுதான். அந்த மித்வல்லி இவனை மண்வெட்டியோடு துரத்தியதைப் பார்த்தவள் நான். பாவம், செத்த மனிதர் வந்து மறுப்புச் சொல்லவா போகிறார்? பெருந்தன்மைக்காரன் என்று பெயர் வாங்குவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. சபை முழுக்க அழும். அவன் புகழில் ஒரு துளிகூடக் குறையாது.

எங்கள் ஆய்வு நிலையத்தில் வேதியியல் பார்த்து ஓய்வு பெற்ற ஹில்மி போன குளிர்காலத்தில் என்னைப் பார்க்க எங்கள் ஊரான ரஷீதுக்கு வந்திருந்தார். மீன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னார்: "ஃபாயிக்கோட பேச்சுல இடம் வேணும்னா முதல்ல அடக்கம் பண்ற சீட்டு வாங்கணும், ரவ்ஹிய்யா."

சுஹேர் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஹில்மி கிளம்பிப் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் அதே நினைப்பு, துணி மடிக்கும்போதும் அதே நினைப்பு.

அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நைல் கழிமுகத்தில் கிணறுகள் உப்பாகிக்கொண்டே வந்தன. கடல் தரைக்கடியில் உள்ளே நுழைகிறது, தெற்கே தெற்கே வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கடலைத் தடுக்க மண்ணுக்கடியில் சுவர் எழுப்பப் பெரிய திட்டம் போட்டார்கள். நான் அந்தக் கிணறுகளோடு என் இளமையைக் கழித்தவள். தண்ணீரை மொண்டு மொண்டு சோதித்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது: கரையை ஒட்டிய கிணறுகளைவிட உள்ளே இருக்கும் சில கிணறுகளில் உப்பு அதிகம். நுழைந்து வரும் கடல் எப்படி வழியில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்தில் இருப்பதைப் பிடிக்கும்? அது வரவில்லை. பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்த நிலமெல்லாம் கடலாக இருந்தபோது தங்கிப்போன தண்ணீர் அடியிலேயே கிடக்கிறது. நாம்தான் பம்பு வைத்து அதை மேலே இழுக்கிறோம். கடல் உள்ளே வரவில்லை, கடல் போகவே இல்லை.

இந்தக் கடைசி வரியைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருப்பீர்கள். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவன் படத்துக்குக் கீழே இருக்கிறது.

நான் அதை எங்கேயும் எழுதி அச்சிடவில்லை. எழுத உட்காரும் நேரத்தில் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ஃபாயிக் அப்போது எங்கள் நிலையத்தில் புதுசு. துக்க வீட்டுக்கு வந்தான். மூன்று நாளும் வந்தான், நல்ல பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்து கசப்புக் காப்பி குடித்தான். கடைசி நாள் எல்லோரும் போன பிறகு, "அக்கா, வேலையைப் பத்தி ஏதாவது பேசுங்க, மனசு மாறும்" என்றான். துக்கத்தில் இருக்கிறவளுக்கு யாராவது காது கொடுத்தால் போதாதா? எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கிணறு, ஏன் அந்தக் கிணறு, பம்பை நிறுத்தினால் என்ன ஆகும், மேலே நல்ல தண்ணீரைப் பாய்ச்சினால் உப்பு எப்படிக் கீழேயே அமுங்கும் என்று எல்லாம். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

பிறகு நான் கணவனை இழந்தவளுக்கான நாலு மாத இத்தாவில் இருந்தேன். வாசல் தாண்டவில்லை. அந்தக் காலம் முடிந்து நிலையத்துக்குப் போனபோது ஃபாயிக் ரோமில் நடந்த மாநாட்டிலிருந்து திரும்பியிருந்தான். வராந்தாவில் எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். கட்டுரை வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் நன்றி ரஷ்யப் பேராசிரியருக்கு. அந்த மனிதர் போய்ச் சேர்ந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது.

இயக்குநரிடம் போனேன். "எங்கயாவது எழுதி வச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீ சொன்னதை யாராவது கேட்டாங்களா?" ஃபாயிக் மட்டும் கேட்டான் என்றேன். "அவன் ஒத்துக்குவானா?" என்றார். கூப்பிட்டுக் கேட்டார். "ரவ்ஹிய்யா அக்கா எனக்குச் சொந்த அக்கா மாதிரி சார். துக்கத்துல இருக்காங்க. என்ன சொன்னாலும் நான் மனசுல வச்சுக்க மாட்டேன்" என்றான். இயக்குநருக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைத்தான் கேவலமாகப் பார்த்தார்.

ஆக, எனக்கு இருந்த ஒரே சாட்சி அவன் வாய். அந்த வாய் உயிருள்ள யார் பெயரையும் சொல்லாது. முப்பது வருடம் இந்த முட்டுச்சந்தில் நின்றேன். ஹில்மி ஜோக் அடித்த பிறகுதான் வழி தெரிந்தது.

"நான் செத்துப்போறேன்" என்றேன் சுஹேரிடம்.

அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எப்போ?"

"அவனுக்கு அந்தப் பெரிய விருது கொடுக்கப் போறாங்களாமே, அதுக்கு முன்னாடி."

விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, மவுத்தை வச்சு விளையாடாத. அல்லாஹ் கோவிச்சுக்குவான்."

"என் வாழ்க்கையை வச்சு அவன் விளையாடினப்போ யாரு கோவிச்சுக்கிட்டா?"

"ஊர்ல எல்லாருக்கும் என்ன பதில் சொல்றது?"

"ஊருக்கு எதுக்குச் சொல்லணும்? அவனுக்கு மட்டும் சாகிறேன்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவன் மறுபடி டிவியில் மண்ணை நக்கினான். சுஹேர் தானாகவே போனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "நம்பரைச் சொல்லு" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டோம். "டாக்டர் ஃபாயிக்கா? நான் ரஷீத்ல இருந்து சுஹேர் பேசுறேன். ரவ்ஹிய்யாவோட தங்கச்சி." அவள் குரல் நடுங்கியது. பயத்தில்தான், ஆனால் பொருத்தமாக இருந்தது. "அக்கா போயிட்டா."

அந்தப் பக்கம் ஒரு விம்மல். என்ன அழகான விம்மல்! வானொலி நாடகத்தில் சேர்த்துக்கொள்ளலாம். "இன்னா லில்லாஹி... என் அக்கா! என்னோட அக்கா! எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, தெளிந்த குரலில், "வேற யாருக்கெல்லாம் சொன்னீங்க?" என்றான்.

சுஹேர் என்னைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவிலும் கணக்குப் பார்க்கிறான் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"யாருக்கும் இல்ல டாக்டர். பேப்பர்ல போடக் கூடாது, கூட்டம் கூடாது, ஃபாயிக்குக்கு மட்டும் சொல்லுன்னு அக்கா சொல்லிட்டா. மூணு நாள் வீட்ல இருப்போம். நீங்க வந்தா அக்கா மனசு குளிரும்."

"வராம இருப்பேனா? நாளைக்குக் காலையில அந்த வாசல்ல நான் நிக்கலேன்னா என்னை மனுஷன்னே சொல்லாதீங்க."

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கலாம், காய்ச்சல் என்று சொல்லித் தப்பிக்கலாம். துக்கத்துக்குப் போகாதவனுக்கு மன்னிப்புக் கிடையாது. பகையாளியும் வந்து, கசப்புக் காப்பியைக் குடித்து, "மிச்ச ஆயுள் உங்களுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து எங்கள் வீட்டுக்குக் காரில் வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல்கிறேன், அவன் வந்திருந்தால் நான் விட்டிருப்பேன். கதவை நானே திறந்திருப்பேன். அவன் அலறியிருப்பான், நான் சிரித்திருப்பேன், உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டு, "போடா, எடுத்துக்கோ" என்று சொல்லியிருப்பேன். அந்த அளவுக்கு நான் களைத்துப்போயிருந்தேன். மூன்று நாளும் நல்ல உடுப்பு உடுத்தி, செத்தவள் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தேன். ஒவ்வொரு காருக்கும் சுஹேர் காப்பியைச் சூடு பண்ணினாள்.

அவன் வரவில்லை. போனும் பண்ணவில்லை.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சுஹேர் காப்பியைத் தொட்டியில் ஊற்றினாள். "அக்கா, நீ செத்தது செத்ததாவே இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அவள் என்னைவிடக் கொதித்தாள்.

விருது விழா அலெக்ஸாண்ட்ரியாவில், கடற்கரைச் சாலையில் இருக்கும் பெரிய அரங்கில் நடந்தது. ஹில்மிக்கு அழைப்பு இருந்தது, கூட ஒருவரைக் கூட்டிப் போகலாம். எனக்குச் சமீபத்தில் கண் அறுவை நடந்திருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ள நல்ல சாக்கு. யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பழைய இயக்குநரின் மகன்கூட என்னை இடித்துக்கொண்டு போனான். இத்தனை வருடம் வீட்டுக்குள் கிடந்தவளை யார் தேடினார்கள்?

"பயமா இருக்கா?" என்றார் ஹில்மி.

"அவன் வேற செத்தவனைப் பிடிச்சிருந்தா என்ன பண்றது?"

"புதுசா செத்தவ நீதான். சரக்கு சூடா இருக்கும்போதே விப்பான், கவலைப்படாத."

அமைச்சர் பேசினார், யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் பேசினார். பிறகு ஃபாயிக் வந்தான். கையில் காகிதம் இல்லை. வழக்கம்போல ஒலிவாங்கியின் முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று தரையைப் பார்த்தான். அரங்கமே இருமலை நிறுத்திக்கொண்டது. எனக்கு அவனைப் பிடிக்காது, ஆனால் இந்த வித்தை வேறு யாருக்கும் வராது.

"இந்த விருது என்னோடது இல்ல" என்றான். "போன மாசம் ஒரு பெண்ணை இந்தக் கையால மண்ணுல இறக்கினேன்."

ஹில்மி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரவ்ஹிய்யா. இந்தப் பேரு உங்க யாருக்கும் தெரியாது. அதுதான் நம்ம நாட்டோட வெட்கக்கேடு. சாகிறதுக்கு முன்னாடி கடைசியா என் பேரைத்தான் சொன்னாங்க." அவன் குரல் உடைந்தது. "அவங்க வீட்டுக்காரர் மவுத்தான வீட்டுல, கையில காப்பிக் கோப்பையோட நான் உக்காந்திருந்தேன். அவங்க சொன்னாங்க: ஃபாயிக், கடல் உள்ள வரல, கடல் போகவே இல்ல. நான் சிரிச்சேன். முட்டாள் மாதிரி சிரிச்சேன்! அவங்க கோவிச்சுக்கல. எந்தக் கிணறுன்னு சொன்னாங்க. ஏன்னு சொன்னாங்க. பம்பை நிறுத்துன்னாங்க, மேல நல்ல தண்ணியைப் பாய்ச்சுன்னாங்க. நீங்க என் பேரைச் சொல்லிப் படிக்கிற எல்லாமே அந்தச் சாயங்காலம் அந்தப் பொம்பளை வாயில இருந்து வந்தது. நான் வெறும் எழுத்தர். கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான்."

எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் விசும்பினாள். நேரலைக் கேமராக்கள் நாலாபக்கமும் சுழன்றன. எனக்கு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அழுகைதான் வந்தது. முப்பது வருடம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகளை ஒன்றுகூடக் குறைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தான், திருட்டுப்பயல். ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்திருக்கிறது. அதுதான் என்னை எழுப்பி நிறுத்தியது.

நடுப்பாதையில் நடந்தேன். கண்ணாடியைக் கழற்றினேன். முதல் வரிசையைத் தாண்டும்போது அவன் என்னைப் பார்த்தான். வாய் அப்படியே நின்றது. முகத்தில் ரத்தம் இறங்குவதை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது.

"யாருங்க நீங்க? கீழ போங்கம்மா" என்று நான் மேடை ஏறியதும் ஒரு காவலர் கையை நீட்டினார்.

"நான்தான் அவர் புதைச்ச அந்த மையித்து" என்றேன்.

ஒலிவாங்கி அதைப் பிடித்துவிட்டது. ஒரு பெண் வீறிட்டாள். யாரோ கலிமா சொன்னார்கள். ஃபாயிக் லேசான ஆள் இல்லை. இரண்டு மூச்சுக்குள் சுதாரித்துக்கொண்டான். இரண்டு கையையும் விரித்து, "அல்லாஹு அக்பர்! அக்கா! உயிரோட இருக்கீங்களா! யாரோ என்கிட்ட பொய் சொல்லிட்டாங்க!" என்று ஓடிவந்தான். கைதட்டல்கூடக் கிளம்பியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்னை உயிர்ப்பித்ததும் அவன்தான் என்று ஆகியிருக்கும்.

"என்னை எந்த மையவாடியில இறக்கினீங்க, டாக்டர்?" என்று கேட்டேன்.

கைதட்டல் பாதியில் நின்றது. அவன் விரித்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சால்வையைச் சரி பண்ணினான்.

"அது போகட்டும். மேடைன்னா நாலு வார்த்தை கூடத்தான் வரும்" என்றேன். "இன்னொண்ணு சொன்னீங்களே, எல்லாம் அந்தப் பொம்பளை சொன்னது, நான் வெறும் எழுத்தர்னு. அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க. இப்போ நான் உயிரோட உங்க முன்னாடி நிக்கிறேன்."

அவன் சொல்லியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லியிருந்தால் அன்று ஜெயித்தவன் அவன்தான். நாடே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். அவன் சபையைப் பார்த்தான், அமைச்சரைப் பார்த்தான், மேசையில் இருந்த விருதைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"டாக்டர் ரவ்ஹிய்யா... எங்க நிலையத்துல மதிப்புக்குரிய ஒரு ஊழியர். அந்தக் காலத்துல நாங்க எல்லாருமே இதைப் பத்திப் பேசிக்கிட்டுதான் இருந்தோம். அவங்களும் சில நல்ல கருத்துகள் சொல்லியிருக்காங்க. ஆனா விஞ்ஞானத்துல ஒரு கருத்து யாரோடதுன்னு..."

எழுத்தர் போய்விட்டார். நான் ஊழியர் ஆகிவிட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது, கணீரென்று கேட்டான்: "டாக்டர் சார், அம்மாவை மறுபடி புதைச்சாத்தான் சொல்லுவீங்களா?"

அலெக்ஸாண்ட்ரியாக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். மாடியில் தொடங்கிக் கீழே இறங்கியது. அமைச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரருக்கு யாரோ காதில் மொழிபெயர்த்தார்கள், அவரும் சிரித்தார். ஃபாயிக் கையை உயர்த்தினான், ஏதோ சொன்னான், கேட்கவில்லை. சபையை ஒற்றை மௌனத்தால் கட்டிப்போடுகிறவன் அன்று கத்தியும் யாரும் அடங்கவில்லை.

அந்தக் காணொளி போகாத போன் இல்லை. காப்பிக் கடையில் யாராவது கடன் வாங்கினதை மறுத்தால், "நான் செத்தாத்தான் ஒத்துக்குவியா, ஃபாயிக்?" என்று கேட்கிறார்களாம். விருதை நிறுத்தி வைத்தார்கள். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்கள், செத்த ரவ்ஹிய்யாவுக்கு ஒன்று, உயிருள்ள ரவ்ஹிய்யாவுக்கு ஒன்று. மித்வல்லியின் பேரன் வந்து மண்வெட்டிக் கதையைச் சொன்னான். அப்புறம் ஃபாயிக் எழுதிய எதையும் யாரும் நம்பவில்லை, அவன் சொந்தமாகச் செய்ததைக்கூட.

அங்கேதான் அவனுக்கு வலித்தது. ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. திரையில் ஃபாயிக் பெயரைப் பார்த்த சுஹேர், "உன் தம்பி கூப்பிடுறான்" என்று கொண்டுவந்து கொடுத்தாள்.

"அக்கா," என்றான். மேடைக் குரல் இல்லை. கிழவன் குரல். "தப்புத்தான். ஆனா ஒண்ணு கேக்கிறேன், நியாயமா சொல்லுங்க. நீங்க வீட்டுக்குள்ள உக்காந்து சொன்னீங்க. அதை உலகத்தைக் கேக்க வச்சது யாரு? அந்தச் சுவர்த் திட்டத்தை நிறுத்த அமைச்சர் மேசையைத் தட்டினது யாரு? ஊர் ஊரா போய் விவசாயி காலைப் பிடிச்சுப் பம்பை நிறுத்தச் சொன்னது யாரு? அந்த வயலெல்லாம் இன்னைக்கு விளையுதுன்னா அதுல எனக்குப் பங்கு இல்லையா? இப்போ அதையும் நாடகம்ங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குப் பேச வராது. கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் எழுதி அச்சிட்டிருந்தாலும் அந்தக் கட்டுரை ஏதோ அலமாரியில் செல்லரித்திருக்கும், சுவரையும் கட்டியிருப்பார்கள். இது எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும்.

"நீ சொல்றது எல்லாம் சரிதான் ஃபாயிக்" என்றேன். "நீ இல்லேன்னா அந்த வயல் ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

அவன் மூச்சை விட்டான். "இதைத்தான், இதே வார்த்தையைச் சொன்னீங்கன்னா போதும் அக்கா. எப்போ சொல்வீங்க?"

"உன் துக்க வீட்டுல சொல்றேன். முதல் ஆளா எந்திரிச்சு, அழுதுக்கிட்டே சொல்றேன். ஒண்ணு விடாம சொல்றேன்."

அவன் மெல்லக் கேட்டான், "என்னைவிட உங்களுக்கு வயசு ஜாஸ்தி அக்கா. அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகக் கூடாதுன்னு அல்லாஹ்கிட்ட தினமும் துஆ பண்ணு" என்றேன்.